பிசினில் எழுதும் லேசர்

சொத்தைப் பல்லை அடைத்துக்கொள்ளப் பல் மருத்துவரிடம் போனவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். மருத்துவர் வெண்மையான ஒரு பசையைப் பல்லின் குழியில் வைத்து அப்புகிறார். பிறகு பேனாவைப் போன்ற ஒரு கருவியை வாய்க்குள் நுழைத்து நீல ஒளியைப் பாய்ச்சுகிறார். இருபது விநாடி, அவ்வளவுதான். களிம்பாக இருந்த பசை, முறுக்கைக் கடிக்கக்கூடிய அளவுக்குக் கெட்டியாகிவிடுகிறது. அவர் அதைச் சூடாக்கவில்லை, காய வைக்கவும் இல்லை. ஒளி பட்டது, இறுகியது. அப்போது அவரோ உதவியாளரோ ஆரஞ்சு நிறத் தகடு ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் பிடித்திருந்ததையும் கவனித்திருப்பீர்கள். அந்தத் தகட்டைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

ஒளி பட்டால் இறுகும் இந்தப் பசையின் உறவினரான ஒரு திரவத்தைத் தொட்டியில் ஊற்றி, அதில் மெல்லிய லேசர் கற்றையால் படம் வரைந்தால் என்ன ஆகும்? கற்றை சென்ற இடமெல்லாம் இறுகும். மற்ற இடம் திரவமாகவே இருக்கும். இறுகிய மெல்லிய தகட்டைச் சற்றே நகர்த்திவிட்டு, அதன்மேல் இன்னொரு படம், பிறகு இன்னொன்று. நம் கிராமங்களில் மண்சுவர் எழுப்புவதும் இப்படித்தான். ஒரு படை மண் வைத்து, அது இறுகிய பின்பே அடுத்த படை வைப்பார்கள். சுவரின் படை ஒரு முழம் இருக்கும். இங்கே ஒரு படையின் கனம் 0.1 மி.மீ. மட்டுமே. இப்படி முப்பரிமாணப் பொருளைக் கட்டித்தரும் சாதனமே லேசர் பிசின் அச்சுப்பொறி. (பிசின் என்றதும் வேப்பமரத்தில் வடியும் பிசினை நினைக்க வேண்டாம். இது வேதியியலார் ஆக்கிய செயற்கைப் பிசின்.)

ஜப்பானின் நகோயா நகரில் ஹிடியோ கொடாமா என்னும் ஆய்வாளர், ஒளியால் இறுகும் பிசினைக் கொண்டு படை படையாகப் பொருள் செய்யும் முறையை 1981-இல் கட்டுரையாக வெளியிட்டார். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், புற ஊதா விளக்குகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் பணியாற்றிய சார்லஸ் ஹல் என்னும் பொறியாளர், 1983 மார்ச் மாதத்தில் ஒரு சிறு கிண்ணத்தை இவ்வாறு உருவாக்கினார். மேசைகளின் மேற்பூச்சை விளக்கொளியால் இறுக வைப்பதுதான் அவருடைய அன்றாட வேலை. அந்த வேலையிலிருந்தே இந்த எண்ணம் பிறந்தது. 1984-இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1986-இல் கிடைத்தது. அக்காலத்தில் இத்தகைய பொறிகளில் ஹீலியம்-காட்மியம் வாயு லேசர் இருந்தது. பெரிய தொழிற்சாலைகள் மட்டுமே அதை வாங்க முடியும்.

பிறகு நிலைமை மாறியதற்குக் காரணம் காலியம் நைட்ரைடு என்னும் அரைகடத்தி. நீல ஒளி உமிழும் டையோடுகளுக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது நினைவிருக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த 405 நானோமீட்டர் ஊதா லேசர் டையோடு, புளூ-ரே வட்டுகளைப் படிப்பதற்காக இலட்சக்கணக்கில் செய்யப்பட்டு மலிவாயிற்று. அதன் பின்னரே லேசர் அச்சுப்பொறி வீட்டு மேசைக்கு வந்தது. 2012-இல் ஃபார்ம்லாப்ஸ் நிறுவனம் மேசைமேல் வைக்கும் பொறி ஒன்றை அறிவித்தது. 2017-இல் பீப்போலி என்னும் நிறுவனம், வாங்குபவரே கூட்டிக்கொள்ளும் உதிரிப்பாகக் கிட்டாக 'மோவாய்' என்ற பொறியை வெளியிட்டது. தமிழில் மோவாய் என்றால் முகவாய்க்கட்டை. ஈஸ்டர் தீவின் கற்சிலைகளுக்கும் அதே பெயர் இருப்பது வேடிக்கைதான். அந்தக் கிட்டில் இருந்தது 405 நானோமீட்டர், 150 மில்லிவாட் லேசர். அது செய்யக்கூடிய பொருளின் அளவு 130 மி.மீ. நீளம், 130 மி.மீ. அகலம், 180 மி.மீ. உயரம்.

இன்று லேசருக்குப் பதிலாக விளக்கும் திரையும் கொண்டு ஒரு படை முழுவதையும் ஒரே நேரத்தில் இறுக வைக்கும் பொறிகள் மலிவாகக் கிடைக்கின்றன. பொழுதுபோக்காளர் பலரும் அவற்றையே வாங்குகிறார்கள். ஆனால் இயற்பியல் கற்க எது நல்லது என்று என்னைக் கேட்டால் லேசர் கிட்டைத்தான் சொல்வேன். ஒளித்திருப்பம், மின்காந்தவியல், திரிகோணமிதி, மடக்கை ஆகிய நான்கும் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருப்பதை வேறெங்கே பார்ப்பது?

திருகுகளை எந்த வரிசையில் முடுக்குவது என்பதைக் கிட்டுடன் வரும் கையேடு சொல்லிவிடும். அலுமினியச் சட்டம், பிசின் தொட்டி, மேலும் கீழும் நகரும் மேடை, அதை நகர்த்தும் திருகுத் தண்டும் மோட்டாரும், லேசர், இரண்டு சிறு ஆடிகள், கட்டுப்பாட்டு மின்பலகை ஆகியவைதாம் பாகங்கள். பொறுமையுள்ள ஒருவர் திருப்புளியுடன் ஓரிரு நாளில் கூட்டிவிடலாம். ஆனால் கூட்டி முடித்த பொறி சரியான பொருளைத் தராது. தந்தால் அது தற்செயல். 20 மி.மீ. கனசதுரம் கேட்டால் கோணலான ஒரு கட்டியைத் தரும், அல்லது தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்ட ஓர் ஆடையைத் தரும். அதைச் சரியாக்குவது எப்படி என்பதே நம் பொருள். அதற்கு வேண்டிய கருவிகள் உங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே இருக்கின்றன.

முதலில் கண்

லேசரை இயக்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் கண் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் உணர்வதில்லை. 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் கலந்த பச்சையை மிக நன்றாக உணரும். 405 நானோமீட்டரில் அதன் உணர்திறன் ஏறத்தாழ 1,500-இல் ஒரு பங்குதான். ஆகவே 150 மில்லிவாட் ஊதா லேசர், 0.1 மில்லிவாட் பச்சை லேசர் அளவுக்கே நமக்கு வெளிச்சமாகத் தெரியும். கைக்கு அடக்கமான 1 மில்லிவாட் பச்சைச் சுட்டியைவிட அது மங்கலாகத் தோன்றும்.

ஆனால் கண்ணைச் சுடுவது வெளிச்சம் அன்று, ஆற்றல். நண்பகல் சூரியனை நேராகப் பார்த்தால், 3 மி.மீ. விட்டமுள்ள கண்பாவை வழியே உள்ளே செல்வது சுமார் 7 மில்லிவாட். (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள்.) அது விழித்திரையில் 0.16 மி.மீ. அகலமுள்ள சூரிய பிம்பமாகப் பரவுகிறது. நம் லேசரின் கற்றை முழுவதும் கண்ணுக்குள் புகுந்தால், சூரியனைப் போல் இருபது மடங்கு திறன் அதைவிடச் சிறிய புள்ளியில் குவியும். வெளிச்சம் கூசினால் நாம் கால் விநாடிக்குள் கண்ணை மூடிக்கொள்வோம். மங்கலாகத் தெரியும் ஊதா ஒளிக்கு அந்தக் கூச்சமே போதிய அளவு எழாது. எழுந்தாலும் கால் விநாடி என்பது இங்கே மிக நீண்ட காலம். போன பார்வை திரும்பாது.

எனவே இந்த விஷயத்தில் நான் கண்டிப்பானவன். 405 நானோமீட்டருக்கு என்று குறிப்பிட்டு விற்கப்படும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் லேசரின் மின்கம்பியை இணைக்கக்கூடாது. வெயில் கண்ணாடி உதவாது. பொறியின் மூடி திறந்திருக்கும்போது சோதனை நடந்தால், அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். வேடிக்கை பார்க்கும் தம்பி தங்கையை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துங்கள். கைக்கடிகாரம், மோதிரம், பளபளக்கும் திருப்புளி எல்லாமே ஆடிகள்தாம். கற்றை செல்லும் வழியில் அவற்றைக் கொண்டு போகாதீர்கள். ஆசிரியரோ, இதில் பழகிய பெரியவரோ அருகில் இல்லாமல் இந்தப் பகுதியைத் தொடவே வேண்டாம்.

இப்போது ஆரஞ்சுத் தகட்டுக்கு வருவோம். ஆரஞ்சு நிறத்தகடு நீலத்தையும் ஊதாவையும் விழுங்கி, மஞ்சளையும் சிவப்பையும் விட்டுவிடும். பல் மருத்துவரின் கண்ணை அது காக்கிறது. அச்சுப்பொறியின் மூடியும் இதே நிறம்தான். லேசர் வெளியே வராமலும், சன்னல் வெளிச்சம் உள்ளே புகுந்து பிசினைக் கெடுக்காமலும் அது இருபுறமும் காவல் செய்கிறது.

ஒளியால் இறுகுவது எப்படி?

பிசினில் சிறு மூலக்கூறுகள் தனித்தனியே நீந்திக்கொண்டிருக்கின்றன. அவற்றோடு நூற்றுக்குச் சில பங்கு ஒளித்துவக்கி என்னும் பொருளும் உண்டு. 405 நானோமீட்டர் ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு 3.06 எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றல் உண்டு. அது துவக்கி மூலக்கூறைப் பிளந்து, கைவிரித்து நிற்கும் இரு துண்டுகளாக்குகிறது. அத்துண்டு பக்கத்து மூலக்கூறைப் பற்றும். அது அதற்கு அடுத்ததைப் பற்றும். தீபாவளிச் சரவெடியில் முதல் வெடிக்கு மட்டும் நெருப்பு வைத்தால் போதுமல்லவா? அதைப் போலவே நீண்ட சங்கிலியும், பிறகு வலைப்பின்னலும் உருவாகித் திரவம் திண்மமாகிறது. சிவப்பு ஒளியின் ஃபோட்டானுக்கு 2 எலக்ட்ரான்-வோல்ட் கூட இல்லை. சாதாரணமாகப் பாய்ச்சினால் அது இந்தத் துவக்கியைப் பிளக்காது.

இச்சங்கிலிக்கு ஓர் எதிரி உண்டு. அது ஆக்சிஜன். கைவிரித்து நிற்கும் துண்டை ஆக்சிஜன் பற்றிக்கொண்டால் சங்கிலி அங்கேயே நின்றுவிடும். இந்த எதிரியையே நண்பனாக்கியிருக்கிறார்கள் பொறி அமைத்தவர்கள். இவ்வகைக் கிட்டுகளில் லேசர் கீழேயிருந்து மேல்நோக்கி, தொட்டியின் தெளிந்த அடித்தட்டு வழியே வருகிறது. அடித்தட்டின்மேல் சிலிக்கோன் ரப்பர் பூச்சு உண்டு. அந்த ரப்பருக்குள் ஆக்சிஜன் எளிதில் ஊடுருவி இருக்கும். ஆகவே ரப்பரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மிக மெல்லிய பிசின் ஏடு இறுகாமல் திரவமாகவே நிற்கிறது. அதனால் பொருள் தொட்டியோடு ஒட்டிக்கொள்வதில்லை. அப்படியும் சற்றுப் பற்றும். அதற்காகத் தொட்டி ஒவ்வொரு படைக்குப் பின்னும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. தோசையை நடுவில் பிடித்து மேலே தூக்குவாரில்லை. ஓரத்திலிருந்து தோசைத் திருப்பியால் கிளப்புவார்கள். அதே உத்திதான்.

உடுக்கையாகும் சதுரம்

கற்றையை நகர்த்துபவை இரண்டு ஆடிகள். ஒவ்வொன்றும் ஒரு கால்வனாமீட்டரின் தண்டில் ஒட்டப்பட்டுள்ளது. ஆம், உங்கள் ஆய்வகத்தில் ஊசி அசையும் அதே கால்வனாமீட்டரின் வம்சம்தான். ஆய்வகக் கருவியில் காந்தம் நிலையாக இருக்க, கம்பிச்சுருள் சுழலும். ஆடி திருப்பும் கருவிகளில் பெரும்பாலும் சுருள் நிலையாக இருக்க, காந்தம் சுழலும். முதல் ஆடி கற்றையை இடம் வலமாகவும், இரண்டாவது ஆடி முன் பின்னாகவும் திருப்புகிறது.

ஆடி ஒரு பாகை திரும்பினால், பிரதிபலித்த கதிர் இரண்டு பாகை திரும்பும். இது நீங்கள் படித்ததே. ஆடிக்கு மேலே 200 மி.மீ. தொலைவில் தொட்டியின் அடித்தட்டு இருப்பதாகக் கொள்வோம். நடுவிலிருந்து ஓரம் 65 மி.மீ. அங்கே போகக் கதிர் 18 பாகை சாய வேண்டும். 65-ஐ 200-ஆல் வகுத்த 0.325-தான் 18 பாகையின் டான்ஜென்ட். ஆடி 9 பாகை திரும்பினால் போதும். சரி, ஆடி அதில் பாதியாகிய 4½ பாகை திரும்பினால் புள்ளி பாதித் தொலைவில், அதாவது 32.5 மி.மீ.-இல் விழுமா? கதிர் 9 பாகை சாயும். அதன் டான்ஜென்ட் 0.158, எனவே புள்ளி 31.7 மி.மீ.-இல் விழும். 0.8 மி.மீ. பிழை! கோணம் சமமாகக் கூடினால் தொலைவு சமமாகக் கூடுவதில்லை.

இதைவிடப் பெரிய கோளாறு மூலைகளில் இருக்கிறது. இரண்டாவது ஆடி கற்றையை ஓரத்துக்குச் சாய்த்துவிட்டால், கற்றை கடக்கும் தூரம் 200 மி.மீ. அன்று; பிதாகரஸ் தேற்றப்படி அது 210.3 மி.மீ. முதல் ஆடி அதே 18 பாகைக்கு அனுப்பிய கற்றை இப்போது 65 மி.மீ.-இல் நிற்காமல் 68.3 மி.மீ. வரை போய்விடும். (இரு ஆடிகளுக்கும் இடையேயுள்ள சிறு இடைவெளியை இக்கணக்கில் விட்டுவிட்டேன்.) ஆகவே திருத்தம் செய்யாத பொறியிடம் பெரிய சதுரம் கேட்டால், இரண்டு பக்கம் நடுவில் ஒடுங்கி, மூலைகள் வெளியே துருத்தி, உடுக்கையின் சாயலில் ஓர் உருவம் கிடைக்கும்.

பொறியின் நிரல் இந்தக் கணக்கைப் போட்டுத் திருத்திக்கொள்ளும். ஆனால் உங்கள் ஆடி 200 மி.மீ.-இல் இருக்கிறதா, 198-இலா என்பது நிரலுக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். இதற்காகத் தொட்டியின் இடத்தில் கட்டம் அச்சிட்ட தாளை வைத்து, லேசரை மிகக் குறைந்த திறனில் இயக்கி, கட்டத்தின் ஒவ்வொரு சந்திக்கும் புள்ளியை அனுப்பிப் பார்க்கிறோம். விலகல் எவ்வளவு என்று அளந்து பொறிக்கு ஊட்டினால், அது அடுத்த முறை நேர்செய்துகொள்ளும்.

இங்கே ஒரு சிக்கல். பாதுகாப்புக் கண்ணாடி ஊதாவை முழுதும் மறைத்துவிடுமே, புள்ளியை எப்படிப் பார்ப்பது? கண்ணாடியைக் கழற்றும் சபலம் இந்த இடத்தில்தான் வரும். கழற்ற வேண்டியதில்லை. பாடப்புத்தகத்தில் முக்கிய வரிகள்மேல் பூசுவீர்களே, அந்த ஒளிரும் மைப் பேனாவில் ஆரஞ்சு நிறத்தை எடுத்துக் கட்டத்தாளின்மேல் பூசுங்கள். அந்த மை ஊதா ஒளியை விழுங்கி, நீண்ட அலைநீளமுள்ள ஆரஞ்சு ஒளியாக உமிழும். அது கண்ணாடி வழியே நன்றாகத் தெரியும். மை பூசாத வெள்ளைத்தாளும் ஒளிரத்தான் செய்யும். தாளை வெண்மையாக்கச் சேர்த்த பொருள் ஊதாவை வாங்கி நீலமாகத் தரும். சோப்புத்தூளில் துவைத்த வெள்ளைச் சட்டை ஊதா விளக்கில் பளிச்சிடுவதும் இதனால்தான். ஆனால் அந்த நீலமும் கண்ணாடியில் மறைந்துவிடும் என்பதால் நமக்கு உதவாது.

திருகு அளவியின் வேலை

இனி வருவதே பொறியின் உயிர்நாடி. லேசர் ஒரு புள்ளியில் எவ்வளவு நேரம் தங்க வேண்டும்? வேகமாகப் போனால் படை இறுகாது. மெதுவாகப் போனால் தேவைக்கு மேல் ஆழமாக இறுகி, துளைகள் அடைபடும். "இந்தப் பிசினுக்கு இந்த எண்" என்று யாரோ சொன்னதை அப்படியே இட்டுப் பார்த்து, சரிவரவில்லையென்றால் இன்னொருவர் சொன்ன எண்ணை இடுவது பொழுதுபோக்காளர் வழக்கம். பிசின் பாட்டில் பாட்டிலாகத் தீரும். அதைவிட ஒரே ஒரு மாலை நேரம் செலவிட்டு அளந்துவிடலாம்.

பிசினுக்குள் ஒளி போகப் போகக் குறைகிறது. எப்படிக் குறைகிறது? ஒவ்வொரு சம ஆழத்துக்கும் சம விகிதத்தில். முதல் 0.1 மி.மீ.-இல் பாதியாகக் குறைந்தால், அடுத்த 0.1 மி.மீ.-இல் அந்தப் பாதியில் பாதியாகும். திரவம் இறுக ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். அதைத் தொடுவாய் ஆற்றல் என்போம். மேற்பரப்பில் விழும் ஆற்றல் குறைந்துகொண்டே போய், எந்த ஆழத்தில் தொடுவாய் ஆற்றலுக்குச் சமமாகிறதோ அந்த ஆழம் வரை பிசின் இறுகும். இதைச் சமன்பாடாக எழுதினால்:

இறுகும் ஆழம் = ஊடுருவும் நீளம் × இயல்மடக்கை (விழுந்த ஆற்றல் ÷ தொடுவாய் ஆற்றல்)

இத்துறையில் இதை ஜேக்கப்ஸ் சமன்பாடு என்கிறார்கள். பால் ஜேக்கப்ஸ் 1992-இல் வெளியிட்ட நூலால் இது பரவலாயிற்று. ஊடுருவும் நீளம், தொடுவாய் ஆற்றல் இரண்டும் ஒவ்வொரு பிசினுக்கும் வேறு வேறு. நிறமி கலந்த கறுப்புப் பிசினில் ஒளி அதிகம் ஊடுருவாது. தெளிந்த பிசினில் ஆழமாகப் போகும்.

அளக்கும் முறை எளிது. மேடையைக் கழற்றிவிட்டுத் தொட்டியில் சிறிது பிசின் ஊற்றுங்கள். 10 மி.மீ. சதுரங்கள் நான்கை வரையச் சொல்லுங்கள். முதல் சதுரத்தை ஒரு முறை, இரண்டாவதை இரண்டு முறை, மூன்றாவதை நான்கு முறை, நான்காவதை எட்டு முறை லேசர் நிரப்பட்டும். பிறகு அச்சில்லுகளைத் தொட்டியிலிருந்து பிளாஸ்டிக் கத்தியால் மெல்ல எடுத்து, ஆல்கஹாலில் அலசி, தாளில் ஒற்றி, திருகு அளவியால் கனத்தை அளவிடுங்கள். சில்லு சற்று மென்மையாக இருக்கும். ஆகவே திருகைக் கையால் இறுக்காமல், கட்டைவிரல் முனையில் 'கிறுக் கிறுக்' என்று ஒலிக்கும் பல்சக்கரத் தலையை மட்டும் திருப்புங்கள். ஒவ்வொரு சில்லையும் ஐந்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள்.

எடுத்துக்காட்டாக, முறையே 0.16, 0.27, 0.37, 0.48 மி.மீ. கிடைத்ததாகக் கொள்வோம். ஆற்றல் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று தாவுகிறது. கனமோ ஒவ்வொரு முறையும் 0.1 மி.மீ.-க்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கூடுகிறது! எட்டு மடங்கு ஆற்றல் கொடுத்தும் ஆழம் மூன்று மடங்குதான். இதைப் பார்த்த பின் "சரியாக ஒட்டவில்லை, லேசர் திறனைக் கொஞ்சம் கூட்டு" என்று யாரேனும் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். மடக்கையிடம் கொஞ்சம் கூட்டுவது எடுபடாது.

கிடைமட்ட அச்சில் ஆற்றலின் இயல்மடக்கையையும், நிலை அச்சில் கனத்தையும் குறித்து வரைபடம் போடுங்கள். நான்கு புள்ளிகளும் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் அமையும். கோட்டின் சாய்வே ஊடுருவும் நீளம். 0.107-ஐ 2-இன் இயல்மடக்கையாகிய 0.693-ஆல் வகுத்தால் 0.15 மி.மீ. கோட்டைப் பின்னோக்கி நீட்டி, கனம் சுழியாகும் இடத்தைப் பாருங்கள். அங்கே இருப்பது தொடுவாய் ஆற்றல். நம் எடுத்துக்காட்டில் அது முதல் சதுரத்துக்குக் கொடுத்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு.

முதல் சதுரத்துக்கு எவ்வளவு ஆற்றல் கொடுத்தோம்? பிசினை அடையும் லேசர் திறன் 30 மில்லிவாட், புள்ளியின் வேகம் விநாடிக்கு 1,000 மி.மீ., அடுத்தடுத்த கோடுகளின் இடைவெளி 0.1 மி.மீ. என்றால், ஒரு விநாடியில் 100 சதுர மி.மீ., அதாவது ஒரு சதுர சென்டிமீட்டர் நிரம்புகிறது. ஆகவே சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிஜூல். தொடுவாய் ஆற்றல் 10 மில்லிஜூல். 0.1 மி.மீ. படை வேண்டுமென்றால் 0.16 மி.மீ. ஆழம் இறுகுவது பொருத்தமே. மிகுதி 0.06 மி.மீ. முந்தைய படைக்குள் புகுந்து இரண்டையும் இணைக்கும். அந்த மிகுதி இல்லாவிட்டால் படைகள் அப்பளக் கட்டுப்போல் பிரிந்துவிடும்.

குளிர்நாடுகளில் இச்சோதனைக்கு முன் பிசினைச் சூடாக்க வேண்டியிருக்கிறது. குளிரில் அது தடித்துப்போகும். நமக்கு அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

இரண்டு கனசதுரங்கள்

இனி அச்சிடலாம். முதல் முறையே பிள்ளையார் சிலை வேண்டாம். 10 மி.மீ. கனசதுரம் ஒன்று, 40 மி.மீ. கனசதுரம் ஒன்று போதும். பெரியதற்கு 400 படைகள். ஒரு படைக்கு வரையவும் சாய்க்கவும் 30 விநாடி ஆனால்கூட மூன்று மணிக்கு மேல் ஆகும். முடிந்ததும் வெர்னியர் அளவியால் பக்கங்களை அளவிடுங்கள்.

ஏன் இரண்டு? பிழை இருவகைப்படும். பிசின் இறுகும்போது மூலக்கூறுகள் நெருங்கி வந்து கைகோப்பதால் பொருள் சற்றுச் சுருங்கும். இது நீளத்துக்கேற்பக் கூடும் பிழை. லேசர் புள்ளிக்கும் ஓர் அகலம் உண்டு. ஓரத்தில் அது வெளியே வழிந்து ஒவ்வொரு பக்கத்தையும் சற்றுத் தடிப்பாக்கும். இது நீளம் எதுவானாலும் மாறாத பிழை. ஒரே கனசதுரத்தை அளந்தால் இரண்டும் கலந்து தெரியும்; சில சமயம் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு பிழையே இல்லாதது போல் ஏமாற்றும். சிறியது 10.05, பெரியது 39.90 என்று வந்ததாகக் கொள்வோம். 30 மி.மீ. வேறுபட வேண்டிய இடத்தில் 29.85 வேறுபடுகிறது. எனவே சுருக்கம் ஆயிரத்துக்கு ஐந்து. 10 மி.மீ. சுருங்கி 9.95 ஆகியிருக்க வேண்டும், ஆனால் 10.05 இருக்கிறது. ஆகவே புள்ளியின் அகலத்தால் வந்த தடிப்பு 0.10 மி.மீ. முன்னதை அளவுத் திருத்தத்திலும், பின்னதைக் கற்றை அகலத் திருத்தத்திலும் இட வேண்டும். இரண்டையும் மாற்றி இட்டால் ஓர் அளவில் சரியாகி, மற்ற எல்லா அளவிலும் தவறும்.

பிசினைக் கையாள்வது பற்றியும் சொல்ல வேண்டும். இறுகாத பிசின் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். ஒரு முறை தோல் அதை வெறுக்கத் தொடங்கிவிட்டால் பிறகு வாழ்நாள் முழுதும் வெறுக்கும். நைட்ரைல் கையுறை அணிந்தே தொடுங்கள்; சன்னல்களைத் திறந்து வையுங்கள், ஆனால் வெயில் தொட்டியில் படாதபடி. கழுவப் பயன்படும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். சமையலறையிலோ விளக்கேற்றும் மாடத்தின் அருகிலோ அது இருக்கக்கூடாது. சிலிக்கோன் பூச்சு, லேசர் அடிக்கடி படும் இடத்தில் நாளடைவில் மங்கிப்போகும். பொருளை எப்போதும் நடுவிலேயே அச்சிடாமல் இடம் மாற்றி அச்சிட்டால் தொட்டி நெடுநாள் உழைக்கும்.

தொட்டியிலிருந்து எடுத்த பொருள் முழுமையாக இறுகியிருக்காது, தொட்டால் பிசுபிசுக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பில் செய்யும் குறும்பு அது. நன்றாகக் கழுவிய பொருளைக் கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி அதில் மூழ்க வைத்து, மொட்டைமாடி வெயிலில் வையுங்கள். தண்ணீர் காற்றைத் தள்ளி நிறுத்தும். வெயில் மிச்ச வேலையை முடிக்கும். அரை மணிக்கு ஒரு முறை திருப்பி வையுங்கள். கழுவிய அழுக்கு ஆல்கஹாலைச் சாக்கடையில் கொட்டக்கூடாது. பெரியவர் ஒருவர் மேற்பார்வையில், அடுப்பும் நெருப்பும் இல்லாத வெட்டவெளியில், அகன்ற தட்டில் ஊற்றி ஆவியாக விட்டால் அடியில் பிசின் படியும். அதையும் வெயிலில் வைத்து முழுதும் இறுகச் செய்து, பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும்.